நாணும் நரம்பும்: கைச் சிகிச்சை கடந்து வந்த பாதை

கொங்கு நாட்டின் நடுவே அமைந்துள்ள காங்கேயம் காளைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அரிசி ஆலைகளுக்கும், தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கும், கொப்பரை உலர்த்தும் களங்களுக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. கிழக்கே வெள்ளக்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகின்றன. வடமேற்கே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடக்கிறது. அதற்கும் மேற்கே கோவையில் வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார், பம்பு செய்யும் கூடங்களும் இருக்கின்றன. இத்தனை தொழில்களுக்கும் பொதுவான கருவி மனிதனின் கையேயாகும். இயந்திரம் பிடித்திழுக்கும்போது முதலில் அகப்படுவதும் அந்தக் கைதான்.

விபத்து நேர்ந்தவுடன் நம் மக்களின் வாயில் வருவது "நரம்பு அறுந்துவிட்டது" என்ற ஒரே சொல்தான். இரத்தம் பீறிட்டாலும் நரம்பு அறுந்ததென்பர். விரல் மடங்காமல் நீட்டியபடியே நின்றாலும் நரம்பு அறுந்ததென்பர். விரல் நுனி மரத்துப்போனாலும் அவ்வாறே கூறுவர். உண்மையில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு உறுப்புகளின் சேதங்கள். முதலாவது இரத்தக்குழாய், இரண்டாவது தசைநாண், மூன்றாவதே நரம்பு. ஒவ்வொன்றையும் இணைக்கும் முறை வேறு, ஆறும் காலம் வேறு, கைவிட்டால் நேரும் இழப்பும் வேறு. இம்மூன்றையும் பிரித்தறிந்து, நம்பிக்கையோடு தைத்து இணைக்கும் நிலையை அடைய மருத்துவ உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பில் ஒரு சொல்லின் மயக்கத்துக்கும் பங்குண்டு என்பதையும், அது தெளிந்த வரலாற்றில் அரபு மருத்துவர்களுக்கும் தமிழகத்து மருத்துவமனைகளுக்கும் இடமுண்டு என்பதையும் இங்கு ஆராய்வோம்.

கையின் அமைப்பு

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. நான்கு விரல்களுக்கு மும்மூன்று கணுக்கள். பெருவிரலுக்கு மட்டும் இரண்டு. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்றடைகின்றன. பொம்மலாட்டக்காரன் மேலிருந்து நூலை இழுக்கக் கீழே பொம்மை அசைவதுபோல், முன்கைத் தசை சுருங்க விரல் மடங்குகிறது.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் உறுதியான ஒரு தசைநார்ப் பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய சுரங்கத்தை அமைக்கின்றன. அதன் வழியே ஒன்பது நாண்களும் ஒரு முதன்மை நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. சுண்டுவிரல் பக்கத்தில் வேறொரு நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. எனவே மணிக்கட்டில் ஓர் அங்குல நீளத்தில் கண்ணாடி கீறினால், வெளியே சிறு காயமாகத் தோன்றும் அது உள்ளே பல உறுப்புகளைத் துண்டித்திருக்கக்கூடும். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால் காயம் ஆறிவிடும், கை ஆறாது.

ஒரு சொல்லின் மயக்கம்

காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் வெட்டியெடுக்கப்பட்ட பெரில் எனும் மணிக்கல் கடல் கடந்து ரோமப் பேரரசைச் சென்றடைந்ததை வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வணிகம் நடந்த காலத்தில்தான் அப்பேரரசின் பெர்கமம் நகரில் கேலன் எனும் கிரேக்க மருத்துவர் வாழ்ந்தார். அரபு நூல்கள் ஜாலீனூஸ் என அழைப்பது இவரையே. கி.பி. 157இல் அந்நகரின் வாள்வீரர்களுக்கு மருத்துவராக அமர்த்தப்பட்ட அவர், வெட்டுண்ட கைகளையும் கால்களையும் நாள்தோறும் கண்டவர்.

ஆயினும் கிரேக்க மொழியில் 'நியூரோன்' என்ற சொல் பழங்காலத்தில் நாணையும் நரம்பையும் ஒருங்கே குறித்தது. கேலனின் கருத்துப்படி நாண் என்பது நரம்பின் இழைகளும் கலந்து உருவான பொருள். நரம்பில் ஊசி பட்டால் வலிப்பு நேரும் என்ற அச்சம் நாணுக்கும் உரியதாயிற்று. அறுந்த நாணைத் தைப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை அவர் பெயரால் நூற்றாண்டுகள் தோறும் கைமாறியது. இதன் விளைவாக, இணைத்திருக்கக்கூடிய எத்தனையோ கைகள் முடங்கியே போயின.

இம்மயக்கம் கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பக்தாதில் கேலனின் நூல்களை மொழிபெயர்த்த காலத்தில், நரம்புக்கு அமைந்த அரபுச் சொல் 'அஸப்' என்பதாகும். பழைய அரபியில் அது இறுகக் கட்டும் நாரையும் குறிக்கும். இப்னு கல்தூன் சமூகப் பிணைப்பைச் சுட்ட ஆண்ட 'அஸபிய்யா' என்பதும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. நாணுக்கு அரபியர் 'வதர்' என்ற சொல்லைக் கொண்டனர். வில்லின் நாணும் இசைக்கருவியின் தந்தியும் அதே சொல்லால் குறிக்கப்படும்.

தமிழின் நிலையும் வியப்புக்குரியது. யாழின் தந்தியை நம் முன்னோர் 'நரம்பு' என்றனர். உடலின் நாணும் குழாயும் நரம்பும் அதே பெயர் பெற்றன. இன்று பாடநூல்கள் வழங்கும் 'தசைநாண்' என்ற சொல், வில்நாணை நினைந்து அமைந்தது. அரபியின் 'வதர்' பிறந்த அதே உவமையிலிருந்துதான் இதுவும் பிறந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொலைவான இரு மொழிகள் ஒரே வில்லை நோக்கித் திரும்பியது தற்செயலன்று. இழுவிசையைக் கடத்துவது நாணின் வேலை; செய்தியைக் கடத்துவது நரம்பின் வேலை.

இப்னு சீனாவும் எட்டாவது எலும்பும்

கி.பி. 1037இல் ஹமதானில் மறைந்த இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலின் முதற்பகுதியில் நரம்பு, நாண், எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துப் பேசுகிறார். கேலனின் தடைக்கு மாறாக, துண்டானதைத் தைத்து இணைக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டவர் என அறுவை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவர்.

மணிக்கட்டைப் பற்றி அவர் கூறுவது இன்றைய மாணவனும் அறியத்தக்கது. அங்குள்ள எலும்புகள் ஏழு என்றும், அவை இரு வரிசையாக அமைந்தவை என்றும் கூறிவிட்டு, கூடுதலாக எட்டாவது ஒன்று உண்டு என்கிறார். இவ்வெட்டாவது எலும்பு வரிசைகளைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. உள்ளங்கைப் பக்கமாகச் செல்லும் ஒரு நரம்பைக் காப்பதற்காக அமைந்தது என்பது அவரது விளக்கம். இன்று மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் பயறளவு எலும்பொன்றைத் தடவிப் பார்க்கலாம். அது ஒரு நாணுக்குள் பொதிந்திருக்கிறது. அதனை ஒட்டியே சுண்டுவிரல் பக்கத்து நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. 1861இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீயோன் விவரித்த சிறு வழி இதுவே. இந்த நரம்பைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நமது வரலாற்றில் அது மீண்டும் வரும்.

குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ ஏறத்தாழ கி.பி. 1000இல் நிறைவு செய்த 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகள் கொண்ட பெருநூல். அதன் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவத்துக்கு உரியது. சூடிடுதல், அறுத்தல், எலும்பு சீராக்கல் என மூன்று பாகங்களாக அமைந்து, ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களையும் அது தருகிறது. கூடுதலாக முளைத்த விரலை அகற்றுவது, ஒட்டிப் பிறந்த விரல்களைப் பிரிப்பது, கை எலும்பு முறிவு, மணிக்கட்டும் விரலும் மூட்டு விலகுவது ஆகிய அனைத்துக்கும் அதில் தனி இடமுண்டு. டொலிடோவில் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டில் இதனையும் 'அல்கானூன்' நூலையும் இலத்தீனில் பெயர்த்தார்.

முன்னோரின் பங்கை மிகைப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. வலியை அகற்றும் ஈதர் மயக்கம் 1846இலும், சீழ்ப்பிடிப்பைத் தடுக்கும் லிஸ்டரின் முறை 1867இலும்தான் உலகுக்குக் கிடைத்தன. அவையின்றி நாணைத் தைத்தவர் எவராயினும், சரியான கருத்தைக் கொண்டிருந்தும், பெரும்பாலும் தோல்வியையே கண்டிருப்பார். கருத்துச் சரியாக இருப்பது ஒன்று. அது நடைமுறைக்கு வரும் சூழல் அமைவது மற்றொன்று.

ஜப்ர்: கட்டும் கலையும் அதன் எல்லையும்

உடைந்ததைச் சேர்ப்பதற்கு அரபியில் 'ஜப்ர்' என்று பெயர். அல்குவாரிஸ்மீ 9ஆம் நூற்றாண்டில் எழுதிய கணித நூலின் தலைப்பில் இடம்பெற்ற இச்சொல்லே ஐரோப்பாவில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் 'அல்கெப்ரிஸ்தா' என்றால் எலும்பு கட்டுபவர் என்றும் பொருள். செர்வாண்டிஸின் 'டான் குயிக்ஸோட்' புதினத்திலும் அப்படியொருவர் வருகிறார். கணித ஆசிரியரும் எலும்பு கட்டும் வைத்தியரும் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது.

எலும்பு முறிந்த உடனே இறுக்கிக் கட்டுவதை இப்னு சீனா ஏற்கவில்லை. வீக்கம் தணியும் வரை, ஐந்து நாட்களுக்கு மேலும்கூடக் காத்திருந்து, பின்னரே தப்பை வைக்கச் சொன்னார். இதன் காரணத்தை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மான் விளக்கினார். இறுக்கமான கட்டுக்குள் கை வீங்கும்போது தசைக்கு இரத்தம் செல்வது நின்றுவிடுகிறது. சில மணிநேரத்தில் தசை மடிந்து, பின்னர் நாராகச் சுருங்கி, விரல்கள் கழுகின் நகம்போல் வளைந்துவிடுகின்றன.

கொங்கு நாட்டின் கிராமங்களில் மூங்கில் தப்பையும் எண்ணெயும் துணியும் கொண்டு கட்டுப்போடும் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். எளிய முறிவுகள் பலவற்றை அவர்கள் சேர்த்ததுண்டு. ஏழைகளுக்கு அவர்கள் அருகில் இருப்பதும் உண்மை. எனினும் தப்பைக்குள் விரல்கள் குளிர்ந்து, வெளுத்து, மரத்து, வலி நேரம் செல்லச் செல்லப் பெருகினால், அக்கட்டை அக்கணமே தளர்த்த வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இவ்விதி பொருந்தும். கட்டின் மீதுள்ள நம்பிக்கையால் வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் கையையே இழந்திருக்கிறார்கள்.

கண்ணின் சாட்சி

தொட்டறிந்ததோடும் நூலில் படித்ததோடும் நின்றுவிடாமல் நேரில் காண வேண்டும் என்ற கொள்கைக்கு ஒரு முன்னோடி அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (1162-1231). எகிப்தில் 1200ஆம் ஆண்டை ஒட்டி நேர்ந்த கொடும்பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குவிந்துகிடந்த இடத்துக்குச் சென்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்ததாக அவர் எழுதியுள்ளார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் கூறியிருந்தார். பக்தாதீ கண்டதோ பொருத்து ஏதுமற்ற ஒற்றை எலும்பு. கேலனின் மதிப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் புலன்களின் சாட்சி அதனினும் உயர்ந்தது என்பது அவரது முடிவு.

அதே வகைச் சோதனையால்தான் நாணின் மயக்கமும் தீர்ந்தது. 1752இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஹாலர், நாண்களுக்கு வலியுணர்வு இல்லை என்பதை விலங்குகளில் ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றில் ஊசி பாய்ந்தால் வலிப்பு வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லாமற்போயிற்று.

உயிருள்ள உடலைத் திறக்காமலே உள்ளே காணும் வாய்ப்பு 1895 டிசம்பர் 22இல் பிறந்தது. ரான்ட்ஜன் அன்று எக்ஸ்ரே கதிரால் எடுத்த படம் அவருடைய மனைவியின் கை. விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. மனித உடலின் உட்புறத்தை உலகுக்குக் காட்டிய அந்தப் படம் ஒரு கையின் படமாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. 1910இல் வியன்னாவின் கதிரியல் மருத்துவர் கீன்பாக், மணிக்கட்டின் பிறைவடிவ எலும்பு இரத்த ஓட்டம் குன்றி நலிந்துபோகும் நோயை எக்ஸ்ரேயின் துணையால் விவரித்தார்.

ஆயினும் எக்ஸ்ரே காட்டுவது எலும்பை மட்டுமே. நாணும் நரம்பும் அதில் தெரிவதில்லை. எலும்பிலும் அது தவறவிடுவதுண்டு. இருசக்கர வண்டியிலிருந்து கையூன்றி விழுவோருக்குப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் படகு வடிவ எலும்பொன்று முறியும். முதல் நாள் படத்தில் அம்முறிவு தெரியாமலே போகலாம். "எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குத்தான்" என்று வீடு திரும்பியவருக்கு மாதங்கள் கழித்து மணிக்கட்டு தேய்ந்து வலிக்கும். அவ்வெலும்பின் இரத்த ஓட்டம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே நுழைவதால், முறிந்த மறுபாதி உணவின்றி மடிய நேர்கிறது. ஆகவே பெருவிரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் வலிப்பவருக்கு, படம் எதுவும் காட்டாவிடினும் கட்டுப்போட்டு, பத்துப் பதினான்கு நாட்களுக்குப் பின் மீண்டும் படமெடுப்பர், அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பர்.

1980களில் பரவிய எம்.ஆர்.ஐ. முறையும், அதன் பின்னர் கூர்மை பெற்ற ஒலியலைப் படமும் நாணையும் நரம்பையும் தனித்தனியே காட்டத் தொடங்கின. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நெருக்குண்ட நரம்பு எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை இன்று ஒலியலைக் கருவியால் அளக்கலாம். நோயாளி விரலை அசைக்கும்போதே நாண் நகர்வதையும் காணலாம். இப்னு சீனா எழுத்தில் பிரித்துவைத்தது இன்று திரையில் பிரிந்து தெரிகிறது.

கொல்லிமலையில் பிறந்தவர்

மேனாட்டில் கைச் சிகிச்சை தனித்துறையாக உருப்பெற்றதற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு காரணம். அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் 1944இல் வெளியிட்ட நூல் அத்துறைக்கு அடித்தளமிட்டது. உள்ளங்கைக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறுந்த நாணைத் தைத்தால் ஒட்டிப் பிணைந்துவிடும் என்பதால், அவ்விடத்தை அவர் யாரும் நுழையக்கூடாத நிலமாகக் கருதினார். 1960களில் கிளைனெர்ட் முதலியோர் அங்கும் உடனே தைத்து, சில நாட்களிலேயே கட்டுப்பாடான அசைவைத் தொடங்கினால் வெற்றி கிட்டும் என்று காட்டினர்.

அதே காலத்தில் தமிழகத்தில் வேறொரு பாதை திறந்தது. கொங்கு நாட்டின் எல்லையிலுள்ள கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்டு. மருத்துவம் படிக்குமுன் கட்டுமானத் தொழிலும் தச்சும் கற்றவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் வளைந்த விரல்கள் கொண்ட நோயாளியின் கையைப் பற்றியபோது, அப்பிடியின் வலிமை கண்டு திகைத்தார். முன்கைத் தசைகள் நலமாகவே இருந்தன; நரம்பொன்று செயலிழந்ததால் உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டும் வாடியிருந்தன. பயறளவு எலும்பை ஒட்டிச் செல்வதாக இப்னு சீனாவின் விளக்கத்தில் கண்டோமே, அந்த நரம்பே தொழுநோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது.

1948இல் நலமான தசையொன்றின் நாணைப் பிரித்து, வாடிய தசையின் வேலையைச் செய்யுமாறு மாற்றி இணைக்கும் சிகிச்சையை அவர் வேலூரில் தொடங்கினார். மூடிய விரல்கள் விரிந்தன. தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை. உணர்வு இல்லாததால் நெருப்பும் கூரிய பொருளும் தீண்டுவதை அறியாமல் தேய்ந்து அழிகின்றன என்பதையும் அவர் நிறுவினார். ஆகவே அறுவையோடு தொழிற்பயிற்சியும் கைகளை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் தேவை என்றார். நாணை மாற்றிவிட்டாலும் நரம்பின் உணர்வு திரும்பாது என்ற தெளிவே அவரது சிகிச்சையின் அடிப்படை.

கோவையும் நுண்ணறுவையும்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைச் சிகிச்சைக்கெனத் தனித்துறையை வளர்த்தார். ஆலைத் தொழிலாளரும் ஏழைகளும் கட்டணமின்றி அங்கே சிகிச்சை பெற்றனர்.

கோவையில் 1888இலேயே நூற்பாலை தோன்றியிருந்தது. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தபின் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின, காயங்களும் பெருகின. 1978இல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதனும் கனகவல்லி அம்மையாரும் அந்நகரில் கங்கா மருத்துவமனையைத் தொடங்கினர். 1990களில் அவர்களுடைய மைந்தர்களான எஸ். ராஜசபாபதி கை அறுவையும் நுண்ணறுவையும் சார்ந்த துறையையும், எஸ். ராஜசேகரன் எலும்பு, முதுகெலும்புத் துறையையும் வளர்த்தனர். இன்று பல நாடுகளின் இளம் அறுவை மருத்துவர்கள் பயிற்சிக்காக அங்கு வருகின்றனர். செல்வம் மிகுந்த நாடுகளில் பாதுகாப்பு விதிகளால் குறைந்துவிட்ட கொடுங்காயங்களை அவர்கள் இங்கேதான் மிகுதியாகக் காண்கின்றனர் என்பதில் பெருமையோடு ஒரு துயரமும் கலந்திருக்கிறது.

நுண்ணறுவை என்பது உருப்பெருக்கியின் கீழ், தலைமுடியினும் மெல்லிய நூலால், ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாயைத் தைக்கும் கலை. 1963இல் ஷாங்காயில் சென் சாங்வெய் முற்றாகத் துண்டான கையை மீண்டும் பொருத்தினார். 1965இல் ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் துண்டான பெருவிரலைப் பொருத்தினர். இவ்வறுவையில் எலும்பு பொருத்தப்படுகிறது; நாண்கள், தமனிகள், சிரைகள், நரம்புகள் ஒவ்வொன்றாக இணைக்கப்படுகின்றன. 'நரம்பு' என்ற ஒரே சொல்லால் நாம் சுட்டியவை அனைத்தையும் தனித்தனியே அடையாளம் காணாமல் இதனைச் செய்யவே இயலாது.

கையை முற்றும் இழந்தோர்க்கு, மூளைச்சாவடைந்த ஒருவரின் கையைப் பொருத்தும் சிகிச்சை 2015 சனவரியில் இந்தியாவில் முதன்முறையாகக் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் நடைபெற்றது. 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அதனைச் செய்தது. எனினும் 1998இல் பிரான்சின் லியோன் நகரில் மாற்றுக்கை பெற்றவர் பின்னர் அதனை அகற்றுமாறு கேட்டுக்கொண்டதை மறத்தலாகாது. வாழ்நாள் முழுதும் மருந்தும் பயிற்சியும் மனவுறுதியும் வேண்டும். தைத்து முடிப்பதோடு சிகிச்சை முடிவதில்லை.

விரலின் விலை

கை இழந்தவனுக்கு என்ன ஈடு என்ற வினாவைச் சட்டங்களும் எதிர்கொண்டன. இஸ்லாமியச் சட்டத்தில் முழு ஈட்டுத்தொகை நூறு ஒட்டகங்கள். ஒரு கைக்கு அதில் பாதி. ஒவ்வொரு விரலுக்கும் பத்து. மூன்று கணுக்களுள்ள விரலில் ஒரு கணுவுக்கு மூன்றிலொரு பங்கும், இரு கணுக்களுள்ள பெருவிரலில் ஒரு கணுவுக்குப் பாதியும் எனச் சட்டவல்லுநர்கள் நுணுகிக் கணக்கிட்டனர். கை துண்டாகாமல் செயலிழந்து போனாலும், பயன் போனது உறுப்புப் போனதற்குச் சமம் என்றனர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தொடக்கத்தில் விரல்களின் பயனை நோக்கிப் பெருவிரலுக்கு 15, அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6 என்று தீர்ப்பளித்தார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு. கூட்டினால் ஐம்பது வரும். பின்னர் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்த நபி (ஸல்) அவர்களின் மடலில் எல்லா விரல்களும் சமம் எனக் கண்டபோது, தமது கணக்கைக் கைவிட்டார்கள்.

இந்திய நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ பயன் நோக்கியே அளந்தது. பெருவிரலுக்குச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7, முழுக் கைக்கு 60 என அதன் அட்டவணை வகுத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

இரு முறைகளுக்கும் நியாயமுண்டு. பெருவிரல் இல்லாமல் எதையும் சரிவரப் பற்ற முடியாதென்பது மருத்துவ உண்மை. ஆனால் சுண்டுவிரல்தானே என்று எவனும் பேரம் பேச இடமின்றிச் செய்தது சமத்துவக் கணக்கு. சம்மட்டியை இறுகப் பிடிப்பவனுக்கும் கயிற்றைச் சுற்றிக் காளையை அடக்குபவனுக்கும் சுண்டுவிரல் பக்கத்துப் பிடியே வலிமை தருகிறது. எம்முறையாயினும் இழப்பு நேர்ந்த பின் வருவதே ஈடு. இழக்காமல் காப்பது அதற்கு முந்திய கடமை.

முதல் சில மணிநேரம்

அக்கடமையின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, ஆலையிலும் களத்திலும் நிறைவேற வேண்டியது. தசை மிகுந்த கை துண்டானால் குளிர்விக்காத நிலையில் ஏறத்தாழ ஆறு மணிநேரமே தாங்கும். விரலில் தசை இல்லாததால் கூடுதலாகத் தாங்கும். முறையாகக் குளிர்வித்தால் இன்னும் நீடிக்கும். காங்கேயத்திலிருந்து கோவை இக்கால அளவுக்குள் எட்டும் தொலைவுதான். வீணாவது பெரும்பாலும் வழியில் செல்லும் நேரமன்று. என்ன செய்வதென்று அறியாமல் கழியும் நேரமே.

காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். காப்பித்தூளோ மஞ்சளோ வைக்கலாகாது. கம்பியாலோ கயிற்றாலோ இறுக்கலாகாது. மோதிரத்தையும் வளையலையும் வீங்குமுன் கழற்ற வேண்டும். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரே பட்டால் திசு உறைந்து அழியும். அறுவை தேவைப்படலாம் என்பதால் உண்ணவும் பருகவும் கொடுக்கலாகாது.

துண்டாகாத காயத்தில், அனுப்புமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்திருக்கிறதா? அப்படியாயின் இரத்தக்குழாய். ஒவ்வொரு விரலும் மடங்கி நீளுகிறதா? இல்லையாயின் தசைநாண். இருபுறமும் தொட்டால் உணர்வு தெரிகிறதா? இல்லையாயின் நரம்பு. எதுவாயினும் தோலை மட்டும் தைக்கும் இடத்துக்கன்றி, உள்ளே பார்த்து இணைக்கத் தெரிந்த இடத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்னரும் இச்சொற்கள் உதவும். தைத்த நாண் வலுப்பெற ஏறத்தாழ மூன்று மாதம். அதுவரை பயிற்றுநர் காட்டிய அளவே அசைக்க வேண்டும். தைத்த நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். "தைத்தும் உணர்ச்சி வரவில்லையே" என்று ஒரு மாதத்தில் மனமுடைந்து பயிற்சியை விடுபவருக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வதும் மருந்தே. கேலன் காலத்துச் சொல் மயக்கத்தை அறிஞர்கள் தீர்த்துவிட்டார்கள். நம் ஆலைகளிலும் வீடுகளிலும் அது இன்னும் மிச்சமிருக்கிறது. நாணை நாணென்றும் நரம்பை நரம்பென்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை. அதனால் பிழைக்கப்போகும் கைகள் பல.